ஒன்பதாம் நாள் குளம்

பெங் சூயுனுக்கு ஐம்பத்தொரு வயது. பார்த்தால் அறுபதுக்கு மேல் சொல்வீர்கள். முடி கொட்டி வகிடு அகன்றுவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுவாள். காதுக்குள் ஓயாமல் ஒரு வண்டு இரையும்.

பதினோரு வருஷமாகச் சாங்ஷா நகரத்தில் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரசவமானவள் முப்பது நாள் வெளியே போகாமல், காற்றுப் படாமல், பச்சைத்தண்ணீர் தொடாமல் இருப்பதை எங்கள் ஊரில் 'மாதம் உட்காருவது' என்போம். நாற்பது வீட்டுப் பெண்களை அப்படி உட்கார வைத்தவள் சூயுன். அவள் மட்டும் உட்கார்ந்ததில்லை. மகள் ஹுயிலான் பிறந்த ஒன்பதாம் நாள், மாமியார் படுக்கையில், புருஷன் பிழைப்புக்காகக் குவாங்டோங்கில். பச்சை உடம்போடு, தைமாதக் குளிரில், குளத்தில் இறங்கிப் போர்வை அலசினாள். வேறு யார் அலசுவார்கள்?

போன மாதம் நாடி பார்த்த வைத்தியர் ஷேன் நெடுநேரம் கையை விடவில்லை.

"உயிர்ச்சத்து வத்திப்போச்சு, அக்கா. பிறக்கும்போதே அளந்து சிறுநீரகத்துல ஊத்தி அனுப்புறது அது. ஊறாது. சிக்கனமா வச்சுக்கத்தான் முடியும். பாதிய மகளுக்குக் கொடுத்தீங்க, மீதியக் குளத்துல விட்டுட்டீங்க."

"மருந்து இல்லையா?"

"அந்த உட்காராத மாசத்துல பிடிச்சது. இன்னொரு பிள்ளை பெத்து, அந்த மாசமாவது ஒழுங்கா உட்கார்ந்தாத்தான் விடும். இந்த வயசுல எங்க போவீங்க?" என்று சிரித்துவிட்டு, கறுப்பு எள்ளு சாப்பிடச் சொன்னார். சிரிக்கிற விஷயமா இது?

மறுவாரம் ஹுயிலானுக்குப் பிள்ளை பிறந்தது. சூயுன் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்பது வீட்டில் காசுக்குச் செய்ததைச் சொந்த மகள் வீட்டில் செய்ய முடியாமல் படுத்துவிடக் கூடாது; மகளுக்குத் தன் உடம்பு வந்துவிடக் கூடாது. வேறு நினைப்பே இல்லை அவளுக்கு. பன்றிக்கால் சூப், இஞ்சித் தண்ணீர், துணி, பிள்ளை, மறுபடி சூப். மருமகன் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவான்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், நாற்காலியில் சற்றே சாய்ந்தவள் அப்படியே அசந்துவிட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டு விழித்தாள். அடுப்படியில் ஹுயிலான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சூயுன் துள்ளி எழுந்தாள். இடுப்பை மறந்து ஓடினாள்.

"பாவி மகளே, என்ன காரியம்டி பண்ற? பச்சத்தண்ணில கைய வச்சா ஆயுசுக்கும் விடாதுடி."

மகளின் கைகளைப் பிடுங்கித் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திப் பரபரவென்று தேய்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது. கை சூடாக இருந்தது.

"சுடுதண்ணிதாம்மா," என்றாள் ஹுயிலான். "நீ அசந்து தூங்குன, எழுப்ப மனசு வரல. உன் கைதான் ஐஸா இருக்கு. எப்பருந்து இப்படி?"

சூயுன் கையை இழுக்கப் பார்த்தாள். மகள் விடவில்லை.

"கேக்குறேன்ல. எப்பருந்து?"

"நீ பொறந்த மாசத்துலருந்து."

சொல்லியிருக்கக் கூடாது. களைப்பில் வாய் தவறி வந்துவிட்டது. ஹுயிலான் குழாயை மூடிவிட்டு, அம்மாவைத் தன் அறைக்கு நடத்திப்போனாள். பிள்ளைக்கு அந்தப்பக்கம், சுவரோரம் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள்.

"அடுப்புல சூப் இருக்குடி," என்று சூயுன் எழப் பார்த்தாள்.

"அவர் வந்து ரெண்டு கிண்ணமா ஊத்தட்டும். மாசம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. நீ உட்காரும்மா."