ஆகாசக்கா சறுக்கிய இடம்

"இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்னு" என்று எண்ணிக்கொண்டே நடந்த ஆகாசக்கா, தையற்கடை வாசலில் நின்றார். திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, சூரியனக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க" என்றார். அவர் கையிலிருந்த கால்பந்தைத் தலைக்கு மேல் தூக்கினார். அக்காவின் விரல் நுனியில் ஒரு மிளகு. அதுதான் பூமி. "இவ்ளோ தள்ளி இருந்தே இந்த வெயில் அடிக்குது, பாத்துக்குங்க." தையல்காரர் மிளகைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், மிஷினை மிதிப்பதை மறந்துவிட்டார். அவர் வாய் பிளந்துவிட்டால் அந்த உவமை தேறியது என்று கணக்கு. தோளைக் குலுக்கினால் அன்று எழுதியது அத்தனையும் குப்பைக்கூடைக்கு.

எங்கள் பத்திரிகையில் பதினோரு வருடமாக வாரம் ஒருமுறை வானத்தைப் பற்றி எழுதுகிறார். நான் அங்கே மெய்ப்புப் பார்ப்பவன். அவருடைய பெயர் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது. வாயிற்காவலர் முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் ஆகாசக்காதான். "என் வேலை ரொம்பச் சுலபம். மேல இருக்கறதக் கீழ எறக்கி வைக்கணும். உடையாம வைக்கணும், அவ்ளோதான்" என்பார்.

போன மாதம் ஒன்று உடைந்தது. 'அந்த விண்மீன் பல ஒளியாண்டுகளுக்கு முன்பே வெடித்துவிட்டது' என்று எழுதிவிட்டார். ஒளியாண்டு என்பது காலமல்ல, ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் என்று வருடத்துக்கு நான்கு முறையாவது எழுதுகிறவர் அவர். அந்த வரி என் கண்ணையும் தாண்டித்தான் அச்சுக்குப் போயிருந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை ஓர் அஞ்சலட்டை வந்தது. 'நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். பக்கத்து ஊரு ரெண்டு மணி நேரத் தூரம்னு சொல்லுவோம். சொல்றது நேரம் மாதிரி இருந்தாலும் அது தூரம்தானே அம்மா? ஒளியாண்டும் அப்படித்தான்னு நெனச்சேன். நான் நெனச்சது தப்பா?'

அக்கா அட்டையை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது, அடுத்த கணம் சிரித்துவிட்டார். "பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவகூட இவ்ளோ அழகாச் சொன்னதில்ல." நேரே ஆசிரியர் அறைக்குப் போனார். நானும் குற்றவாளி என்பதால் பின்னாலேயே போனேன்.

"ஒருத்தர்தானே கவனிச்சிருக்கார். நாமளே எதுக்கு ஊரைக் கூட்டிக் காட்டணும்?" என்றார் ஆசிரியர்.

"மறைச்சிட்டா அடுத்த வாரம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதறது சார்?"

"சரி, ஓரமா ரெண்டு வரி போட்டுடலாம்."

"ரெண்டு வரி யார் கண்ணுலயும் படாது. இந்த வாரம் என் பத்தி முழுசும் அதுக்கே வேணும்."

"முடியாதுன்னா?"

"அந்த எடத்துல ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுக்குங்க. இனிமே எல்லா வாரமும்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் அவர், "தலைப்பாவது கொஞ்சம் கௌரவமா வைங்கம்மா" என்றார். அதையும் அக்கா கேட்கவில்லை. 'நான் சறுக்கிய இடம்' என்றே வைத்தார். அஞ்சலட்டையை எழுத்து மாறாமல் உள்ளே சேர்த்தார்.

வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்தோம். வந்த கடிதங்களோ வேறு மாதிரி. 'நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டுன்னு அறுபது வயசு வரைக்கும் நம்பிட்டிருந்தேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்று ஒருவர். தாங்கள் சறுக்கிய இடங்களை எழுதியவர்கள் அந்த வாரம் மட்டும் நாற்பது பேர். ஆசிரியரே அதில் சிலவற்றைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்.

நேற்று அந்த ஓட்டுநர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த பத்திரிகை. "தப்பா எடுத்துக்கிட்டீங்களோன்னு மனசு கேக்கலம்மா" என்று வாசற்படியிலேயே தயங்கினார்.

"உள்ள வாங்கண்ணே" என்று எழுந்த அக்கா, தன் நாற்காலியை இழுத்து அவரை அதில் உட்கார வைத்தார். அடுத்த வாரக் கட்டுரையை அவர் முன் வைத்துவிட்டு, மேஜை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.