ஒரு வார்த்தை விட்டா ஒரு மார்க்

இன்னிக்குக் காலைல, சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ. எதிர்ல கம்பெனி யூனிஃபார்மோட ஒருத்தர், மடியில ஆறு வயசு மக. நான் நடுவராப் போற அதே சர்ச் பைபிள் வசனப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணிக்கினு வந்தா.

இயேசு சின்னப் பிள்ளைங்களைக் கிட்ட கூப்பிட்ட வசனம். ஒரு வார்த்தை மறந்துட்டா.

பளார்னு ஒரு அறை. உதட்டுல ரத்தம்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம கூட்டிக்கினு வர்றேன், வெளாட்டா இருக்குதா உனக்கு?" மறுபடி கை ஓங்குனாரு.

அவரு சட்டையக் கொத்தாப் புடிச்சேன். மூஞ்சியில ஒரு குத்து வுடக் கையத் தூக்கிட்டேன்.

பாப்பா கண்ண மூடிக்கிச்சு. "இயேசப்பா, இந்த அங்கிள் எங்கப்பாவ அடிக்கக் கூடாது. ஆமென்."

என் கை அந்தரத்துலயே நின்னுடுச்சு.

ஒரு வார்த்தை விட்டா ஒரு மார்க் குறைப்பேன்னு பெத்தவங்களுக்குச் சொல்லி அனுப்பினதே நான்தான். இப்ப யாருக்குக் குறைக்கட்டும், நீங்களே சொல்லுங்க.