மதனுக்குக் காய்ச்சல் கண்ட மாசி

“…அப்ப யாரு மாத்தயா உங்களுக்குச் சொன்னது? அத மொதல்ல சொல்லுங்க, அப்பறம் நாங்க பேசுறோம்” என்று லயத்து வரிசை வீட்டு வாசலை மறித்து நின்றார் மாமா. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு அவர்தான் மாஸ்டர். எதிரில் நின்ற மாத்தயா, சுகாதாரப் பரிசோதகர். மதன் வேடம் கட்டும் இளைஞனைக் காய்ச்சலும் வாந்தியுமாக, தலையைக் குனிய முடியாமல், முதல்நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம்.

கூத்தை நிறுத்த, எங்களோடு போட்டிக்குக் கூத்துப் போடும் கீழ் டிவிசன்காரன்தான் பரிசோதகர் காதில் ஊதிவிட்டான் என்பது மாமாவின் முடிவு. காமன் கம்பம் ஊன்றியபின் கூத்து நிற்கக் கூடாது. வேடக்காரர்கள் விரதமிருந்து ஒரே காம்பராவில் படுப்பார்கள், ஒரே செம்பில் குடிப்பார்கள். அதையெல்லாம் மறைத்து, “அவன் தனியாத்தான் படுத்தான்” என்றார்.

“யாரும் கோள் சொல்லல்ல. டொக்டருக்குச் சந்தேகம் வந்தாலே எங்க ஒபிசுக்கு அறிவிக்கணும். அது சட்டம்.”

“சந்தேகத்துக்கே நீங்க வந்துட்டீங்க. நோயின்னு தெரிஞ்சா பட்டாளம் வருமாக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. கொரோனா நேரத்தில் லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டி எங்களை அடைத்து வைத்தவர்களும் இப்படிப் பதமாகப் பேசித்தான் உள்ளே வந்தார்கள். இன்று நினைத்தாலும் மாமாவின் சந்தேகத்தைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

“முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்களாமே, இனி எங்க அவன் ஆடுறது?” என்றாள் அத்தை.

“அந்தத் தண்ணியப் பாத்தாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும்மா” என்றார் பரிசோதகர். “மூளையச் சுத்தி இருக்கிற சவ்வு வீங்குற நோய் இது. வைரஸால வந்தா அநேகமாத் தானா ஆறிடும். காசநோய்க் கிருமின்னா மெதுவா அரிக்கும். தண்ணியப் பாத்த வரைக்கும் இவருக்கு வந்தது வேற பக்டீரியான்னுதான் டொக்டர் நெனைக்கிறார். ஒரே நாள்ல ஆளச் சாய்ச்சிடும். மூச்சு, எச்சில் வழியாத் தொத்தும். கூடப் படுத்தவங்க இன்னைக்கே மாத்திரை போடணும்.”

“மாத்திரைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் அடைச்சு வைப்பீங்க.”

“இங்கயே தர்றேன். போட்டுட்டு ஆடுங்க. காய்ச்சல், தலையிடின்னா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்.” மாத்திரைப் பையைத் திறந்தபடி, “ரதி யாரு?” என்று கேட்டார்.

மதன் குடித்த செம்பு அடுத்துப் போவது ரதியின் கைக்கு. அந்த வேடம் கட்டியவன் மாமாவின் ஒரே மகன்.

மாமா சட்டென்று காம்பராவுக்குள் போனார். போர்த்திக் கிடந்த மகனை எழுப்பி உட்கார்த்தினார். பிடரியில் கைவைத்து, மோவாய் நெஞ்சில் படும்வரை அவன் தலையை மெல்லக் குனிய வைத்துப் பார்த்தார். கழுத்து விறைக்கவில்லை. பிறகு அவன் கையைப் பிடித்து, வாசலில் மாத்திரையோடு நின்றவரிடம் கூட்டிவந்தார்.