நொண்டிச் சில்லு

போன கிழமை நல்லூரில் ஒரு பிறந்தநாள் வீட்டில், உள்ளே கறி வைத்து மடித்த பற்றீஸ் தந்தார்கள். பொரிந்த மாவின் வாசம் மூக்கில் ஏறியதும் என் விரல் தன்பாட்டில் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தது. பிளாஸ்டிக் சில்லை உருட்டி வெட்டியது. பல்லெல்லாம் ஒரே அளவு.

"என்ன சேர், திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்? உள்ளுக்கு மரக்கறிதான்" என்றார் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டு தின்றுவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மாவிடம் ஒரு பற்றீஸ் சில்லு இருந்தது. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு ஒன்றின் விளிம்பைப் பல்லுப் பல்லாக அராவி, துளை போட்டு, பித்தளைப் பிடியில் ஆணியால் பொருத்தியது. யார் செய்தார்களோ, துளை நடுவில் விழவில்லை. அதனால் மாவின் மேல் அது நொண்டி நொண்டித்தான் ஓடும். சின்ன வயதில் அதைச் சுவரில் ஓட்டி அடி வாங்கியிருக்கிறேன். காசு குசினிக்குள் வந்து வேறு பிழைப்புப் பார்ப்பது எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. வளர்ந்து கொக்குவிலில் வாத்தியாரானதும் அந்த ஆசை மருந்தில்லாத வருத்தமாகவே முற்றிவிட்டது. மற்ற வாத்திமார் காணி தேடினார்கள். நான் காசில் செய்த கரண்டி தேடினேன்.

யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்தாலும் ரயில் இன்னும் வராத நாட்கள் அவை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குணமண்ணை மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். என் வருத்தத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள். ஊரூராகப் போய்ச் சுவர் மணிக்கூடுகள் திருத்துகிறவர், திரும்பி வரும்போது "மாஸ்ரர், உமக்கொண்டு கொண்டந்திருக்கிறன்" என்று லேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே வெள்ளி ரூபாயைக் குழியாகத் தட்டிச் செய்த உப்புக் கரண்டி இருக்கும். அல்லது ராணியின் தலை போட்ட காசில் நட்சத்திர ஓட்டை வெட்டிய முறுக்கு உரல் அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அந்த உப்புக் கரண்டி, உடுப்பிட்டி ரீச்சர் ஒருவரின் தகப்பன், பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல், பர்மாவிலிருந்து கொண்டுவந்த ரூபாயில் மகளின் கலியாணத்துக்குச் செய்வித்தது என்றார். அந்தக் கதையை நான் வகுப்பிலே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

ஒருநாள் அம்மாவின் சில்லில் ஆணி கழன்றது. குணமண்ணையிடம் கொடுத்தேன். ஒரு கிழமையில் திருத்தித் தந்தார். அம்மா அதை மாவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இது எங்கடை இல்லை."

"பிறகு ஆரின்ரை? உங்கடைதான்."

"எங்கடை நொண்டும். இது நேரா ஓடுது."

"அவர் திருத்தித் தந்தவர் அம்மா, அதுதான். உங்களுக்கு வயசு போட்டுது."

அம்மா சில்லைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து உடுப்பிட்டியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் அந்த ரீச்சர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. உடனே குணமண்ணை சொன்ன கரண்டிக் கதையைச் சொல்லித் தகப்பனைப் பற்றிக் கேட்டேன். தண்டையலின் மகளல்லவா!

"தண்டையலோ? எங்கடை ஐயா தபால் கந்தோரில இருந்தவர். கடலில கால் நனைச்சதுகூட இல்லை" என்று சிரித்தார். "கரண்டியோ? அப்பிடி ஒண்டும் எங்கடை வீட்டில இருக்கேல்லை. உவர் மணிக்கூடு திருத்த மட்டும்தான் வந்தவர்."

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அடுத்த நாள் காலை கடைக்குப் போனேன். குணமண்ணை கண்ணில் இடுக்கியிருந்த கண்ணாடியைக் கழற்றவும் இல்லை.

"ஓம், எல்லாம் நான் செய்ததுதான். காசு மட்டும் பழசு. நீர் கரண்டிக்கே வந்தனீர்? கதைக்கெல்லோ வந்தனீர்."

"அம்மான்ரை சில்லு?"

"லண்டனில இருந்து வந்த ஒராள் கண்டிட்டு விடேல்லை, வித்திட்டன். அச்சொட்டா ஒண்டு செய்து தந்தனான்தானே. துளையைக்கூட நடுவில போட்டுத் தந்தனான்."

திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. "உங்களை அண்ணை எண்டு கூப்பிட்டனான்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அவர் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மா உருட்டுவதை நிறுத்தவில்லை. "சில்லு போனால் போகட்டும். அண்டைக்கு நீ அவரை நம்பினாய்" என்றார். மற்றப் பாதியைச் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். பற்றீஸின் விளிம்பை விரலால் மடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆறேழு மாதமும் புதுச் சில்லை அவர் தொடவேயில்லை; மடித்துத்தான் பொரித்திருக்கிறார். பழம்பொருளை மணந்து பார்த்தே வயது சொல்வேன் என்று பீற்றிக்கொண்ட நான், தின்றும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது கொக்குவிலில் ரயில் நிற்கிறது. குணமண்ணையின் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அவர் எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. அம்மாவும் இப்போது உயிரோடில்லை. போன வருடம் அயலில் ஒரு வயதான மனுசி, எனக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, காசு பதித்த அகப்பை ஒன்றை எடுத்துவந்தார். "இது எங்கடை மாமி..." என்று தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அகப்பையைத் திருப்பி, ஆணி புதிதா பழசா என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அவர் பேச்சை நிறுத்தினார். என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். மாமியைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.