தூங்குகிறவரை எழுப்பலாமா?

2008-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் ஒரு டிடிபி கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். காடாம்புலியூரில் முந்திரி உடைத்தேன், பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றினேன். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. விரல் வேகமாக ஓடியதால் இந்தக் கடையில் நிலைத்தேன்.

ஒரு சனிக்கிழமை செல்வியின் ஆய்வேடு திறக்கவில்லை. செல்வி பிஎச்டி மாணவி. திங்கட்கிழமை ஒப்படைக்காவிட்டால் அவருடைய பதிவே காலாவதியாகிவிடும். அத்தியாயங்களைத் தனித்தனி ஃபைலாகத்தான் அடித்திருந்தேன். பக்க எண் வரிசையாக விழட்டும் என்று ஓனர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். இடம் அடைக்கிறது என்று தனி ஃபைல்களை அழித்தும் விட்டார். அது எங்கள் கடை வழக்கம். சேர்த்த ஃபைலைத் திறந்தால், சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது.

அந்தத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் இலவசம். எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் அதுதான் ஓடியது. செய்தவர் டேவிட், கடலூர் என்று முகவரி, போன் நம்பரோடு திரையில் வரும். போன் செய்தோம், எடுக்கவில்லை. மறுநாள் ஃபைலை சிடியில் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன்.

பெரிய ஆபீஸ் இருக்கும் என்று நினைத்துப் போனேன். சந்துக்குள் ஒரு சின்ன வாடகை வீடு. கைக்குழந்தையோடு அவர் மனைவி வெளியே வந்தார்.

"கெமிக்கல் கம்பெனியில வேலண்ணே. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தாரு. நான் எழுப்ப மாட்டேன்."

ஓனருக்குப் போன் செய்தேன்.

"எழுப்புடா அவன! ஒருத்தன் தண்ணிப் பந்தல் வெக்கிறான், தண்ணியில தூசி கெடந்தா கேக்க மாட்டமா? ஓசின்னா பொறுப்பு இல்லியா?"

கடையில் ஓனர் பக்கத்தில் இருந்த செல்வி போனை வாங்கினார். அழுது குரல் கம்மியிருந்தது.

"எழுப்பாதீங்கண்ணா. எங்கப்பாவும் ஷிப்ட் வேலதான். பாதித் தூக்கத்துல எழுப்புனா அன்னிக்கு முழுக்க மனுசனாவே இருக்க மாட்டாரு. ஏந்திரிக்கட்டும்."

போகப்போவது அவருடைய வருஷக்கணக்கான உழைப்பு. அவரே சொன்ன பிறகு எனக்கென்ன? சந்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் டேவிட் எழுந்து வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், ஓனர் பேசியதையும் சேர்த்து. சிரித்துவிட்டார்.

"தூசிய கேக்கலாம் தம்பி, அது நாயம். பெரிய ஃபைல் தாங்காதுன்னு நான் எழுதிப் போட்டிருக்கணும், போடல. அது என் தப்பு. அதுக்காக, பந்தல் வெச்சவன் வூட்டுக்கு வந்து, ஏன்டா தூங்குறன்னா கேப்பாங்க? என் ஞாயித்துக்கெழம என்னுது."

"இத எதுக்கு சார் செஞ்சீங்க?"

"எங்க சர்ச்சுக்கு வாராவாரம் ரெண்டு பக்கத் தாளு அடிக்கணும். அதுக்குத்தான். கம்பெனி பஸ்ல போவும்போது மனசுலயே எழுதுவேன், லீவுல வந்து அடிப்பேன். நீங்க இதுல புஸ்தகமே போடுவீங்கன்னு கனவா கண்டேன்?"

ஒரு தெருவே சோறு தின்றுகொண்டிருந்தது இந்த மனிதர் பஸ் ஜன்னலோரம் யோசித்ததை வைத்து. எங்களில் ஒருவர்கூட அவருக்கு ஒரு கடுதாசி போட்டதில்லை. போன் செய்தவர்கள் எல்லாம் திட்டத்தான் செய்தோம்.

"சிடிய குடு. எழுப்பாதன்னு சொன்ன பொண்ணோட ஃபைலாச்சே" என்று உள்ளே போனார்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டினார். திரையில் புரியாத குறிகள் மளமளவென ஓடின. அத்தியாயம் தொடங்கும் இடத்தை எல்லாம் கண்டுபிடித்து வெட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். முதல் துண்டு திறந்தது, பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் விரல் அடித்த வரிதான். ஆனாலும் வாய் பிளந்து பார்த்தேன்.

செல்விக்குப் போனில் சொன்னேன். நன்றிப் பக்கத்தில் டேவிட் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்மா! இன்னும் பத்து பேரு போன் பண்ணுவாங்க" என்று டேவிட் கையெடுத்துக் கும்பிட்டார். திங்கட்கிழமை செல்வி ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டார்.

டைப் அடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். சேர்த்தாலும் தனி ஃபைலை அழிக்காதீர்கள். பொருளில் குறை இருந்தால் செய்தவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவர் பொழுதுக்கு மட்டும் கணக்குக் கேட்காதீர்கள்.