கேட்டுக்காரரின் நாணயம்

அந்த ரயில்வே கேட்டில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. மற்ற கேட்டுகளில் கதவு இறங்கிய அடுத்த நிமிடமே லாரிக்காரர் தொடங்கி வைப்பார், ஸ்கூட்டர்கள் பின்பாட்டுப் பாடும், கடைசியில் சைக்கிள்காரர்கூட மணியடித்துத் தன் பங்கைச் செலுத்துவார். இங்கே பதினொரு நிமிடம் மூடிக் கிடந்தாலும் சத்தம் இருக்காது. இதற்காக இலாகா கேட்டுக்காரருக்கு இரண்டு முறை பாராட்டுக் கடிதம் அனுப்பியது. 'பொதுமக்களிடம் இனிமையாகப் பழகுவதால்' என்று காரணமும் போட்டிருந்தது. இனிமைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

உண்மையான காரணம் காசு.

ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கேட்டுக்காரர் இறங்கிப் போய், "ஒரு காசு குடுங்க" என்றார். லஞ்சத்தை இவ்வளவு மலிவாகக் கேட்கிறாரே என்று லாரிக்காரர் ஒரு காசை விட்டெறிந்தார். இவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டு வந்து நின்றார். கூட்ஸ் வந்தது. அறுபது பெட்டியும் போய் முடியும்வரை லாரிக்காரர் கண் சிமிட்டவில்லை. இவர் ஜல்லிக்கற்களுக்கு நடுவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தபோது காசு சுடச்சுட இருந்தது. வெற்றிலை மாதிரி மெலிந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. லாரிக்காரர் அதை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ரயில் எப்பங்க?" என்று கேட்டார்.

காசு வைத்தவன் ரயில் வர வேண்டுமென்று ஆசைப்படுவான், வைக்காதவன் போகட்டுமென்று ஆசைப்படுவான். இருபத்தாறு வருட வேலையில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

அதிலும் அவர் கறார்தான். கேட்டுக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. காசை மட்டும் கொடுக்க வேண்டும், அவரே வைப்பார். நழுவாமலிருக்க அடியில் ஒரு துளி கிரீஸ் தடவுவார். பாசஞ்சர் என்றால் காசு லேசாகத்தான் பரவும், கூட்ஸ் என்றால் முழுசாக. காசில் இருக்கும் தலைவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கூட்ஸ் பாகுபாடு பார்க்காமல் முகத்தைச் சமமாக்கிவிடும். எண் மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

கேட்டை ஒட்டிய ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். அவள் வாடிக்கையாளர் எல்லாரும் கேட்டில் நிற்பவர்கள்தான். கேட் மூடித் திறப்பதற்குள் பட்டன் தைப்பாள், கிழிந்த பாக்கெட்டை ஒட்டுப் போடுவாள். ஜிப் மாற்ற மட்டும் கூட்ஸாக இருக்க வேண்டும். ரயில் போகும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவாள், மெஷின் தானாக ஆடும். அவருடைய சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வரும். அவளுடையது ரயிலுக்கு ஒரு முறை.

சூட்கேஸ்காரர் ஒருவரால் வந்தது வினை. அவர் கொடுத்த காசு சக்கரத்தில் பட்டு எகிறிப் போய்விட்டது. கேட்டுக்காரர் அரைமணி நேரம் ஜல்லியைக் கிளறிவிட்டு, தன்னிடமிருந்த வேறொரு தட்டைக் காசைக் கொடுத்தார்.

"இது என் காசு இல்லைங்க."

"உங்க காசும் இப்படித்தாங்க ஆகியிருக்கும்."

"எனக்கு என் காசுதான் வேணும்."

"அப்ப ரயில்கிட்டதான் கேக்கணும்."

சூட்கேஸ்காரர் ரயிலிடம் கேட்கவில்லை, இலாகாவிடம் கேட்டார். இரண்டு பக்கப் புகார். கேட்டில் எல்லாரும் காசு என்றுதான் சொல்வார்கள். படித்தவர் என்பதால் அவர் நாணயம் என்று எழுதினார். 'இந்தக் கேட்டில் நாணயம் ரயிலில் நசுங்கிச் சீரழிகிறது.' அலுவலகத்தில் புகார் கடிதங்களின் முதல் வரியை மட்டும் படிக்கும் பழக்கமுள்ள டைப்பிஸ்ட் அம்மா இதைப் படித்து, மனிதர் எவ்வளவு மனம் நொந்து எழுதியிருக்கிறார் என்று உருகிப்போனார். அவர் தட்டிய மெமோ இப்படி வந்து சேர்ந்தது: 'தங்களது நாணயம் சீரழிந்துள்ளதாக அறியவருகிறோம். விசாரணையில் தங்கள் நாணயத்தை நிரூபிக்கத் தவறினால், குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர வேண்டும்.'

சரக்குக் கிடங்கு இருநூறு மைல் தள்ளியிருந்தது. அங்கே கேட் கிடையாது. நிற்பதற்கு ஆளும் கிடையாது.

கேட்டுக்காரர் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் யார் வீட்டுக் கதவை உடைச்சேன்? என்னைத் திருடன்னு எழுதியிருக்கானுங்க!"

மனைவி வாங்கி இரண்டு முறை படித்தாள். அவளுக்கு வாய் கோணியது. சிரிப்பா பயமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இது அந்தக் காசு விஷயங்க."

"காசுன்னு எங்க இருக்கு? நாணயம்னு இருக்கு."

"காசுன்னு எழுதியிருந்தா நீங்க மாட்டியிருப்பீங்க. நாணயம்னு எழுதி நம்மளக் காப்பாத்தியிருக்காரு யாரோ ஒரு புண்ணியவான். பேசாம நாலு பேர்கிட்ட நல்லவருன்னு எழுதி வாங்கிக் குடுங்க. அங்க போய் வாயைத் திறக்காதீங்க. உங்க வாய்க்கு வேலை வந்தா என் மெஷினுக்கு வேலை போயிடும்."

ஐந்து பேரிடம் வாங்கினார். பேக்கரிக்காரர், 'இவர் மிக நாணயமானவர், பழைய ரொட்டியைக்கூட முழு விலை கொடுத்து வாங்குவார்' என்று எழுதினார். பால் வண்டிக்காரர் எழுத வராது என்று கைநாட்டு வைத்தார். டாக்டர் வழக்கமான சீட்டிலேயே, 'நாணயம்: இயல்பு நிலை' என்று கிறுக்கிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை சான்றிதழோடு மெமோவிலிருந்த ஏழு எழுத்துப் பிழைகளையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார்.

விசாரணை அதிகாரிக்கு அது அன்றைக்கு ஒன்பதாவது ஃபைல். சான்றிதழ்களில் ஐந்து பேர் இருப்பதை எண்ணிப் பார்த்தார். 'நாணயம் பரிசீலிக்கப்பட்டது. சேதம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, "சரி, கிளம்புங்க" என்றார்.

கேட்டுக்காரர் எழுந்தார். கதவுவரை போனார். அங்கேயே நின்றார். ஐந்து பேர் எழுதிக் கொடுத்ததை வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்ததில் வந்த கோளாறு அது. பாதி தூரத்திலேயே அவரும் அதை நம்பிவிட்டிருந்தார்.

"சார், நாணயம் சரி. காசுதான்..."

"எந்தக் காசு?"

சொல்லிவிட்டார். லாரி, ஹாரன், கிரீஸ், சூட்கேஸ் எல்லாவற்றையும். சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டைக் காசை எடுத்து மேஜையில் வைத்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "ஏங்க, உங்களுக்கு என்ன கேடு? நான் கேட்டனா?"

"கேக்கலை சார்."

"சேதமில்லைன்னு சீல் குத்தியாச்சு. இப்ப சேதம்னு எழுதினா ஃபைலைத் திறக்கணும். ஃபைலைத் திறக்க மேல இருந்து உத்தரவு வாங்கணும். உங்களை நாணயமானவர்னு எழுதிக் குடுத்த அஞ்சு பேரும் பொய் சொன்னாங்கன்னு ஆகும். டாக்டர்மேலயும் விசாரணை வைக்கணும். நீங்க ஒரு உண்மையைச் சொல்றதுக்கு நான் ரிடையர் ஆகிற வரைக்கும் எழுதணுமா?"

"தப்புதான் சார்."

"எது, காசு வச்சதா, சொன்னதா?"

அதிகாரி காசை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கட்டை விரலால் விளிம்பைத் தடவினார்.

"பாசஞ்சரா?"

"கூட்ஸ் சார். பாசஞ்சர்ல இவ்வளவு வராது."

"ம்" என்று சொல்லிவிட்டு அதைத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். "இனிமே வைக்காதீங்க. போங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள். "தப்பிச்சு வாசல்வரைக்கும் வந்தவரு, திரும்பிப் போய் மாட்டப் பாத்திருக்கீங்க. அந்த மனுஷன் சோம்பேறியா இருந்ததால நாம இங்க இருக்கோம். நீங்க நல்லவரா இருந்ததால இல்ல."

அவர் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து இலாகா ஆட்கள் இரண்டு பேர் வந்து ஒரு போர்டை நட்டார்கள். ஃபைலைத் திறக்காமலேயே அதிகாரி செய்த ஏற்பாடு. வாசகத்தைத் தட்டியவர் அதே டைப்பிஸ்ட் அம்மா. 'இவ்விடத்தில் நாணயத்துக்கு அனுமதி இல்லை.' வண்டியிலிருந்தபடியே படித்த ஒருவர், "இலாகாவே ஒத்துக்கிடுச்சுப்பா" என்றார்.

காசு நின்றது. ஹாரன் வந்தது. லாரிக்காரர் தொடங்கி வைத்தார், ஸ்கூட்டர்கள் சேர்ந்துகொண்டன. கேட்டுக்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கியபடி நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டல் மேனேஜர் முப்பது ஜன்னல் திரைத் துணியைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கூட்ஸுக்குள் முடிகிற வேலையில்லை. தைத்து எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அவள் சொன்னது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை உரக்கச் சொன்னாள்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்க! இங்கதான் இருப்போம்!"