இரவல் பெயரிங்

அன்று என் வீட்டு முற்றத்தில் இருந்தது நான்கு பேர்: நான், மெக்கானிக் அண்ணை, அரியாலையில் எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற ரயில் ஸ்ரேசன் மாஸ்டர், காலில் கட்டுடன் கதிரையில் இருந்த அவர் மனைவி.

மாஸ்டரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சலரோகம், சீனி வருத்தம்; காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். மாஸ்டருக்குக் கண் மங்கியதால் அவருடைய மொறிஸ் மைனர் கார் ஓட்டமில்லாமல் கல்லில் ஏறி நின்றது. என்னிடமும் அதே கார், மண்ணெண்ணெயில் ஓடுவது. நான்தான் அம்மாவை ஏற்றிப் போவேன். அதன் பின்சில்லைச் சுழலவிடும் பெயரிங் வளையம் தேய்ந்து கத்தத் தொடங்கியது. யுத்தம், பொருளாதாரத் தடைக் காலம், புதிது வராது. மாஸ்டர் தன் காரிலிருந்து துருப்பிடிக்காமல் மிஞ்சியிருந்த ஒரேயொரு பெயரிங்கைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். கிறீஸும் இல்லை. பழையதைச் சுரண்டி, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத்தான் அண்ணை பூசினார்.

"உள்ளுக்கும் கிறீஸ் பிடிச்சிருக்கோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு."

"வடிவாய்ப் பார்த்தனீங்களோ?"

"உன்னைக் கட்டினவள் பாவமடாப்பா. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். சில்லைப் பூட்டி வை."

பூட்டினேன். மனம் கேட்கவில்லை. உட்பக்கம் காய்ந்திருந்தால் பாதி வழியில் சூடேறி இறுகும், அம்மா வெயிலில் நிற்பார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். யோசிக்க மட்டும் குறைவில்லை. திரும்பக் கழற்றினேன்.

"தம்பி, விடும்" என்றார் மாஸ்டர்.

"உவர் மட்டும் என்னவாம்? ஒரு ரயிலுக்கு மூண்டுதரம் பச்சைக்கொடி காட்டினவர்" என்று மாஸ்டரைக் காட்டி அம்மா சிரித்தார்.

பெயரிங் இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். 'டிக்' என்றது. கையில் எடுத்தபோது வெளிவளையம் மயிரளவு பிளந்திருந்தது. உள்ளே கிறீஸ் நிறைய இருந்தது.

அண்ணை வந்து பார்த்தார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "உந்தப் பெயரிங்கை இனி ஒருத்தராலும் பூட்டேலாது" என்றார்.

மருந்து கட்டும் நாளில் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் தள்ளினேன். மாஸ்டர் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார். தொங்கிய கால் போய்ச் சேருமுன் வீங்கிவிட்டது. அப்படியே மூன்று தரம் போனோம். நாலாம் தரம் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டும் என்றார் டொக்டர்.

பெயரிங்குக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் முந்நூறு கொடுத்தேன். பிறகு சண்டை நெருங்கி, ஊரே வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. அவர்கள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. நான் கொடுக்க வேண்டியது இன்னும் ஆயிரத்து இருநூறு ரூபாய்.